மழைமானி நிற்கும் இடமும் பயிர் நிற்கும் இடமும்

(பயிற்சி அலுவலர்களும் முதுநிலை மாணவர்களும் கலந்துகொண்ட கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஒரு வட்டாரத்தில் மழை பெய்ததா இல்லையா என்பதை உழவர் தம் வயலைப் பார்த்துச் சொல்கிறார். அரசு பதிவேட்டைப் பார்த்துச் சொல்கிறது. இரண்டும் ஒத்திருக்கும் ஆண்டுகளில் இதைப் பற்றி எவரும் பேசுவதில்லை. வேறுபடும் ஆண்டுகளில் பதிவேடே வெல்கிறது. வறட்சிப் பகுதி என அறிவிப்பதும், கடன் வசூலைத் தள்ளி வைப்பதும், பயிர்க் காப்பீட்டுத் தொகை வழங்குவதும், ஒரு வட்டாரத்தை எந்த வளர்ச்சித் திட்டத்தில் சேர்ப்பது என்பதும் பெருமளவுக்கு அந்தப் பதிவேட்டின் எண்களைக் கொண்டே முடிவாகின்றன. எனவே அந்த எண்கள் எங்கே, எவ்வாறு பிறக்கின்றன என்னும் வினா வானிலை வல்லுநர்களுக்கு மட்டும் உரியதன்று.

நிலத்தில் அமைந்த எந்த உயிர்ச்சூழல் தொகுதியையும், அது தராய்ப் பகுதியின் சாலமரக் காடாயினும், தார்ப் பாலைவனத்துப் புல்தரையாயினும், பஞ்சாபின் கோதுமை வயலாயினும், உருவாக்கி நிலைநிறுத்துவதில் ஒளி, வெப்பம், மழை, ஈரப்பதம், காற்று ஆகிய தட்பவெப்பக் கூறுகளே முதன்மையானவை. மண்கூட நெடுங்காலப் போக்கில் பெரும்பாலும் இவற்றின் விளைபொருள்தான். இதைப் பள்ளிப் பாடநூல்களே கூறிவிடுகின்றன. அவை பொதுவாகக் கூறாமல் விடுவது ஒன்று உண்டு. இக்கூறுகளை அளக்கும் கருவிகள் நிற்கும் இடம் வேறு. செடியும் விலங்கும் வாழும் இடம் வேறு. இந்த இடைவெளியை எங்கே பொருட்படுத்தாமல் விடலாம், எங்கே விட்டால் முடிவே பிழைபடும் என்பதை வளர்ச்சிப் பணியில் ஈடுபடும் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நலம்.

புயலும் பஞ்சமும் தந்த துறை

1864 ஆம் ஆண்டில் கல்கத்தாவைத் தாக்கிய கடும் புயலும், 1866, 1871 ஆகிய ஆண்டுகளில் பருவமழை பொய்த்ததுமே 1875 இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை தோன்றக் காரணமாயின. எச். எப். பிளான்போர்டு அதன் முதல் தலைவராகப் பொறுப்பேற்றார். அதற்கு முன்னரும் நாட்டில் அளவெடுப்பு நடந்துகொண்டுதான் இருந்தது. சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி 1792 இல் அமைத்த வானாய்வுக்கூடம் இதற்கு எடுத்துக்காட்டு. ஆயினும் ஒவ்வோர் இடமும் தன் வழக்கப்படி அளந்தது. ஒரே வகைக் கருவி, ஒரே உயரம், ஒரே நேரம் என்னும் ஒழுங்கு நாடு முழுமைக்கும் வந்தது 1875 க்குப் பின்னரே.

இந்தப் பிறப்பு வரலாறு நிலையங்களின் அமைவிடத்தில் இன்றும் தெரிகிறது. கப்பல்களுக்குப் புயல் எச்சரிக்கை, அரசுக்குப் பருவமழை முன்னறிவிப்பு, பின்னர் விமானங்களுக்கு வானிலை அறிக்கை என்று தேவைகள் வரிசையாக எழுந்தன. நிலையங்களும் துறைமுகங்களிலும், மாவட்டத் தலைநகர்களிலும், விமான நிலையங்களிலும் இடம் பெற்றன. காடும் மேய்ச்சல் நிலமும் மானாவாரி வயலும் வரிசையின் கடைசியில் நின்றன. பயிருக்கென்று தனியே ஒரு வேளாண் வானிலைப் பிரிவு புணேயில் தொடங்கப்பட்டது 1932 இல்தான். அதை எல். ஏ. ராமதாஸ் வழிநடத்தினார். கருவி நிற்கும் காற்றுக்கும் செடி நிற்கும் காற்றுக்கும் உள்ள வேறுபாட்டை இந்நாட்டில் முறையாக ஆராய்ந்த முன்னோடி அவரே எனலாம்.

நாலடி உயரத்துக் காற்று

வெப்பநிலையை அளக்கும் வெப்பமானிகள் ஸ்டீவன்சன் கூண்டு எனப்படும் வெள்ளை வண்ணம் பூசிய மரப் பெட்டிக்குள் வைக்கப்படுகின்றன. இதை வடிவமைத்த தாமஸ் ஸ்டீவன்சன் ஸ்காட்லாந்து நாட்டுக் கலங்கரை விளக்கப் பொறியாளர். பெட்டியின் பக்கங்கள் இரட்டைச் சாய்பலகைகளால் ஆனவை. காற்று உள்ளே சென்று வரும்; வெயில் நுழையாது. வெப்பமானியின் குமிழ் தரையிலிருந்து ஏறத்தாழ 1.2 மீட்டர், அதாவது நாலடி உயரத்தில் இருக்கும். நம் நாட்டில் கதவு வடக்கு நோக்கி அமையும், திறக்கும்போதும் வெயில் படக்கூடாது என்பதற்காக. உள்ளே உலர்குமிழ், ஈரக்குமிழ், உச்ச, நீச வெப்பமானிகள் நான்கும் இருக்கும். சுற்றிலும் திறந்த வெளியும் குட்டையாக வெட்டிய புல்தரையும் வேண்டும்.

இத்தனை நிபந்தனைகளும் ஒப்பீட்டுக்காக ஏற்பட்டவை. ஸ்ரீநகரின் 30 டிகிரியும் நாகபுரியின் 30 டிகிரியும் ஒரே பொருளைக் குறிக்க வேண்டுமானால் இரண்டும் ஒரே வகைச் சூழலில் அளக்கப்பட வேண்டும். அந்த வகையில் இக்கூண்டு ஒரு பெரும் சாதனையே. ஆனால் அக்கூண்டின் காற்றிலேயே வாழும் உயிரினங்கள் மிகச் சில. மே மாத நண்பகலில் கூண்டுக்குள் 43 டிகிரி செல்சியஸ் காணும்போது இராஜஸ்தானின் வெற்று மணல் பரப்பு 60 டிகிரிக்கு மேல் காய்ந்திருக்கக்கூடும். அம்மணலில் முளைக்கும் விதைக்கு 43 என்ற எண்ணால் பயனில்லை. அதே இடத்தில் அரை மீட்டர் ஆழத்தில் வளை தோண்டியிருக்கும் பாலைவன எலிக்கோ பகலும் இரவும் ஏறத்தாழ ஒன்றே. மேற்பரப்பின் அன்றாட ஏற்ற இறக்கம் அந்த ஆழத்தை எட்டுவதற்குள் பெரிதும் அடங்கிவிடுகிறது. இதனால்தான் வேளாண் வானிலை நிலையங்களில் 5, 10, 20 சென்டிமீட்டர் எனப் பல ஆழங்களில் மண் வெப்பமானிகள் பதிக்கப்படுகின்றன. நீர் பாய்ச்சிய கோதுமையின் இலைப் பரப்போ நீராவியை வெளியேற்றித் தன்னைக் குளிர்வித்துக்கொண்டு, சுற்றியுள்ள காற்றைவிடச் சில டிகிரி குறைவாகவே இருக்கும். ஆக, மூன்று உயிர்களுக்கு மூன்று தட்பவெப்பம்.

இரவில் நடப்பது இன்னும் வியப்பானது. மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை வெப்பத்தை இழந்து குளிர்கிறது. ஆகவே மிகக் குளிர்ந்த காற்று தரையை ஒட்டியே இருக்க வேண்டும் என்பதே அந்நாளைய பாடநூல் முடிவு. ராமதாசும் அவருடன் பணியாற்றிய ஆத்மநாதனும் 1932 இல் வெளியிட்ட அளவீடுகள் வேறு விதமாகக் காட்டின. மிகக் குறைந்த வெப்பநிலை தரைக்குச் சில பத்து சென்டிமீட்டர் மேலே இருந்தது. கருவிப் பிழை என்றே பலர் முதலில் கருதினர். பின்னர் வேறு இடங்களிலும் இது உறுதியாயிற்று. கதிர்வீச்சின் அடிப்படையில் இதற்கு விரிவான விளக்கம் அளிக்கும் முயற்சியில் பெங்களூர் அறிவியலாளர்கள் 1990 களில் முன்னேற்றம் கண்டனர். இன்று அது ராமதாஸ் அடுக்கு என்றே உலகெங்கும் வழங்குகிறது. அந்த உயரம் நாற்றின் உயரம், இளங்கன்றின் உயரம் என்பதை நினைவிற்கொண்டால் இதன் நடைமுறைப் பயன் விளங்கும்.

சாலமரத்தின் இளங்கன்றுகள் உறைபனியைத் தாங்குவதில்லை. குளிர்காற்று நீரைப்போல் சரிவில் வழிந்து பள்ளங்களில் தேங்குகிறது. அதனால் இமய அடிவாரத்துச் சாலமரக் காடுகளுக்கு நடுவே சில தாழ்ந்த பள்ளங்களில் மரமின்றிப் புல் மட்டும் நிலைத்திருப்பதைக் காணலாம். நீலகிரியின் உயர்ந்த புல்வெளிகளிலும் குளிர்கால இரவுகளில் உறைபனி படிகிறது. அத்தகைய இரவில் கூண்டின் வெப்பமானி மூன்று, நான்கு டிகிரிக்குக் கீழே இறங்காமலே இருக்கலாம். புல்நுனிக்குச் சமமாகத் திறந்தவெளியில் கிடத்தி வைக்கும் புல்தரை நீச வெப்பமானியே பனி விழுந்த செய்தியைச் சொல்லும். உறைபனி இல்லாத ஊர் என்று பதிவேட்டை நம்பி நட்ட கன்றுகள் ஒரே இரவில் கருகுவதற்கு இந்த ஒரு மீட்டர் உயர வேறுபாடே போதும்.

மழைமானியின் வாய்

வெப்பநிலை இடத்துக்கு இடம் மெல்ல மாறும், மழை அப்படியன்று. ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் நீர். ஒரு ஹெக்டேருக்கு 10,000 லிட்டர். இந்தக் கணக்கு எளிது. கருவியும் எளிதுதான். ஒரு புனல், ஒரு குடுவை, ஓர் அளவைக் கண்ணாடி. வாயின் விளிம்பு தரைக்கு 30 சென்டிமீட்டர் மேலே இருக்கும். நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அளவெடுக்கப்படும். திங்கள் காலை 9 மணிக்குப் பெய்த மழை ஆகவே செவ்வாய்க்கிழமைக் கணக்கில் ஏறும். 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்தால்தான் அது மழை நாள். இந்த மரபுகளை அறியாமல் பதிவேட்டைப் புரட்டுவோர் விதைப்பு நாளையும் மழை நாளையும் பொருத்திப் பார்த்துக் குழம்புவது வழக்கம்.

கடினமானது, அந்தச் சிறு வாய் எவ்வளவு பெரிய நிலத்துக்காகப் பேசுகிறது என்பதே. சேகரிப்பு வாயின் பரப்பு 200 சதுர சென்டிமீட்டர் என்று கொள்வோம். சமவெளியில் 520 சதுர கிலோமீட்டருக்கு ஒரு மழைமானி வேண்டும் என்பது இந்தியத் தர நிறுவனம் 1968 இல் வகுத்த விதி. அப்படியானால் அந்த வாய் தன்னைப்போல் 2,600 கோடி மடங்கு பரப்பின் சார்பாகச் சாட்சி சொல்கிறது. பல நாட்கள் நாடெங்கும் பரவிப் பெய்யும் பருவமழைக்கு இந்தச் சாட்சியம் ஒருவாறு பொருந்தும். இடியுடன் கூடி ஓர் ஊரில் கொட்டி அடுத்த ஊரைத் தொடாமல் போகும் மழைக்குப் பொருந்தாது. மானாவாரிப் பயிரைக் காப்பாற்றுவதோ பெரும்பாலும் இந்த இரண்டாம் வகை மழைதான்.

மலை குறுக்கிடும் இடத்தில் வேறுபாடு இன்னும் கூர்மையடைகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் விளிம்பில் உள்ள மகாபலேசுவரத்தில் ஆண்டுக்கு 5,000 மி.மீ. க்கு மேல் மழை பெய்கிறது. அங்கிருந்து கிழக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் உள்ள வாய் நகரில் 1,000 மி.மீ. கூட இல்லை. மேலே பசுமை மாறாக் காடு. கீழே முட்புதரும் மானாவாரிச் சோளமும். இரண்டும் சாதாரா மாவட்டத்தில் அடங்கியவை. அந்த மாவட்டத்தின் சராசரி மழை என்று ஓர் எண்ணைக் கணக்கிட்டால் அது எந்த ஊரிலும் பெய்யாத மழையாகவே இருக்கும். மலைப்பாங்கான பகுதிகளில் 130 சதுர கிலோமீட்டருக்கு ஒரு மழைமானி வேண்டும் என அதே விதி கூறுவது இதை எண்ணித்தான்.

காட்டுக்குள் மற்றொரு சிக்கல். பெய்யும் மழையில் ஒரு பகுதி இலைகளிலேயே தங்கி ஆவியாகிவிடுகிறது. எஞ்சியது இலைகளின் ஊடே சொட்டியும் அடிமரத்தின் வழியே வழிந்தும் தரையை அடைகிறது. திறந்தவெளி மழைமானி காட்டும் அளவு காட்டுத் தரைக்குக் கிடைத்த அளவாகாது. ஆகவே ஆய்வாளர்கள் மரங்களுக்கு அடியில் பல மானிகளைப் பரப்பி வைத்தும், அடிமரத்தைச் சுற்றிக் கழுத்துப்பட்டை போல் வாய்க்கால் கட்டியும் நீரைச் சேகரித்து அளக்கின்றனர். மலை உச்சிகளில் இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. மூடுபனி இலைகளில் படிந்து சொட்டுகிறது. மழைமானி வெறுமையாக இருக்க, மரத்தடி நனைந்திருக்கும். பனித்துளியும் இவ்வாறே. குளிர்காலக் கொண்டைக்கடலைக்கு அது சிறிதேனும் உதவுகிறது. அதை அளக்கத் துவ்தேவானி பனியளவி என்னும் வண்ணம் பூசிய மரக்கட்டை பயன்படுகிறது. மாலையில் கட்டையைத் திறந்தவெளியில் வைத்து, விடியலில் அதன்மேல் படிந்த துளிகளின் தோற்றத்தைப் படங்களுடன் ஒப்பிட்டு அளவு சொல்வார்கள்.

ஈரக் குறியீடும் எல்லைக் கோடும்

ஒரு நிலத்துக்கு மழை போதுமா என்ற வினாவுக்கு மழையளவு மட்டும் விடை தராது. இமயத்தின் குளிர்ந்த உட்சரிவுகளில் மழையும் பனியுமாக 700 மி.மீ. கிடைத்தால் தேவதாரு வளரும். தக்காணத்தில் அதே 700 மி.மீ. சோளத்தோடு நின்றுவிடும். வரவை மட்டும் பார்த்து ஒரு குடும்பத்தின் நிலையைக் கூற முடியாதது போலவே, இங்கும் செலவை அறிய வேண்டும். நீர்த் தட்டுப்பாடே இல்லாத பசுந்தரையிலிருந்து மண்ணும் செடியும் சேர்ந்து காற்றுக்குக் கொடுக்கக்கூடிய நீரின் அளவே அந்தச் செலவு. இதை அவ்விடத்தின் நீர்த்தேவை எனலாம்.

இதை நேரே அளக்க, மண்ணும் பயிரும் நிறைந்த பெருந்தொட்டியைத் தராசின்மேல் நிறுத்தி எடை பார்க்கும் லைசிமீட்டர் உண்டு. அது செலவு மிக்கது. பெரும்பாலான இடங்களில் ஆவியளவித் தொட்டியே பயன்படுகிறது. 120 சென்டிமீட்டர் விட்டமும் 25 சென்டிமீட்டர் ஆழமும் கொண்ட இத்தொட்டியில் நீர்மட்டம் நாள்தோறும் எவ்வளவு இறங்கிற்று என்று பார்ப்பார்கள். நம் நாட்டில் அதன்மேல் கம்பிவலை மூடியிருக்கும். வெயிற்காலத்தில் பறவைகளும் கால்நடைகளும் குடித்த நீர் ஆவியானதாகக் கணக்கில் ஏறிவிடக்கூடாது அல்லவா? வலையோ ஆவியாதலையே சற்றுக் குறைக்கிறது. தொட்டி தரிசு நிலத்தின் நடுவே நின்றால் கூடுதலாகவும், பாசன வயலின் நடுவே நின்றால் குறைவாகவும் காட்டும். எனவே தொட்டியின் அளவை 0.7 போன்ற ஒரு பெருக்கெண்ணால் திருத்த வேண்டும்; அப்பெருக்கெண்ணும் இடத்துக்கு இடம் மாறும்.

கணக்கிட்டு அறியும் வழிகளும் உள்ளன. 1948 ஆம் ஆண்டில் இரு முறைகள் வெளிவந்தன. அமெரிக்காவின் தார்ன்த்வெயிட் வெப்பநிலையையும் பகல் நீளத்தையும் மட்டுமே கொண்டு கணக்கிட்டார். இங்கிலாந்தின் பென்மன் கதிர்வீச்சு, ஈரப்பதம், காற்றின் வேகம் ஆகியவற்றையும் சேர்த்தார். வெப்பமானி மட்டுமே உள்ள இடங்களில் முதல் முறைதான் இயலும் என்பதால் அது பெரிதும் பரவியது. ஆனால் வறண்ட காற்று வீசும் நிலங்களில் அது நீர்த்தேவையைக் குறைத்துக் காட்டும். இந்திய வானிலை ஆய்வுத் துறை 1971 இல் நாட்டின் பல நிலையங்களுக்குப் பென்மன் முறையில் கணக்கிட்டு வெளியிட்டது குறிப்பிடத்தக்க முன்னேற்றம்.

இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. மழையிலிருந்து நீர்த்தேவையைக் கழித்து, கிடைப்பதை நீர்த்தேவையால் வகுத்து, நூறால் பெருக்கினால் ஈரக் குறியீடு கிடைக்கும். அது கழித்தல் 66.7 க்குக் கீழே இருந்தால் அந்நிலம் வறள் நிலம்; அதற்கும் கழித்தல் 33.3 க்கும் இடையே இருந்தால் அரை வறள் நிலம். 1973–74 இல் தொடங்கிய வறட்சிக்குள்ளாகும் பகுதிகள் திட்டத்திலும், 1977–78 இல் தொடங்கிய பாலைவன வளர்ச்சித் திட்டத்திலும் எந்த வட்டாரம் சேரும் என்பதை முறைப்படுத்த முனைந்த சி. எச். அனுமந்த ராவ் குழு 1994 இல் இக்குறியீட்டையே ஓர் அளவுகோலாகக் கொண்டது. இத்திட்டங்கள் 2009–10 இல் ஒருங்கிணைந்த நீர்ப்பிடிப்புப் பகுதி மேலாண்மைத் திட்டத்தில் இணைந்துவிட்டன. ஆயினும் அளவுகோல் பற்றிய பாடம் எஞ்சியிருக்கிறது.

ஒரு வட்டாரத்தில் ஆண்டு மழை 500 மி.மீ., நீர்த்தேவை 1,600 மி.மீ. என வைத்துக்கொள்வோம். குறியீடு கழித்தல் 68.8, வறள் நிலம். நீர்த்தேவையைக் கணக்கிட்ட முறையோ கருவியோ பத்துச் சதவீதம் குறைத்துக் காட்டி 1,440 என்று சொல்லியிருந்தால் குறியீடு கழித்தல் 65.3, அரை வறள் நிலம். வானம் மாறவில்லை, மண் மாறவில்லை. வட்டாரம் ஒரு திட்டத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறிவிட்டது. அதனோடு நிதி அளவும் மாறும். கோட்டிற்கு அருகில் உள்ள வட்டாரங்களைப் பொறுத்தவரை, எண்ணின் பிழை வரம்பையும் கோப்பில் சேர்த்து எழுதுவது அறிவுடைமை.

வெப்பநிலையை மட்டும் நம்பிய கணக்கு வழி தவறக்கூடும் என்பதற்கு மற்றொரு சான்றும் உண்டு. வெப்பம் கூடினால் ஆவியாதலும் கூடும் என்பதே பொது எதிர்பார்ப்பு. ஆனால் இந்தியாவின் ஆவியளவித் தொட்டிகள் முந்தைய சில பத்தாண்டுகளில் சராசரியாகக் குறைந்துவரும் அளவையே காட்டியதாக 1997 இல் வெளியான ஓர் ஆய்வு கூறிற்று. காற்றின் ஈரப்பதம் உயர்ந்தது இதற்கு ஒரு காரணமாகக் கூறப்பட்டது. தொட்டியும் காவலரும் இல்லாதிருந்தால் இந்த முரண் எவர் கண்ணிலும் பட்டிருக்காது.

ஒளியைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். கண்ணாடிக் கோளம் வெயிலைக் குவித்து அட்டையில் எரித்துச் செல்லும் தடத்தின் நீளம் வெயில் அடித்த மணிகளைக் காட்டும். ஆனால் இலை பயன்படுத்துவது கதிரவன் ஆற்றலில் ஏறத்தாழப் பாதியே. அந்தப் பாதியை மட்டும் அளக்கத் தனி உணரிகள் தேவை. மனிதக் கண்ணுக்கு ஏற்ப அமைந்த லக்ஸ் மானி இதற்குப் பொருந்தாது. அடர்ந்த காட்டின் தரையில் மேலிருந்து வரும் ஒளியில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கே விழுகிறது. அதுவும் நகரும் புள்ளிகளாக. அங்கே ஓரிடத்து அளவு அடுத்த அடிக்குப் பொருந்தாது. காற்றும் அவ்வாறே: பொது நிலையங்களில் 10 மீட்டர் உயரத்தில் அளக்கும் வேகம் பயிரின் உயரத்தில் வெகுவாகக் குறைந்துவிடும்.

மரமே மானியாக

கருவி இல்லாத இடத்திலும் தாவரம் இருக்கிறது. பல நூறு ஆண்டுகளின் மழையையும் வெயிலையும் பனியையும் தாங்கி நிற்கும் காடே ஒரு பதிவேடு என்னும் கருத்தில் எழுந்ததே தாவரப் பட வரைவு. எச். ஜி. சாம்பியன் 1936 இல் வகுத்து, சேத் அவர்களுடன் இணைந்து 1968 இல் திருத்திய இந்தியக் காட்டு வகைப்பாட்டில் 16 பெரும் பிரிவுகள் உள்ளன. 1955 இல் நிறுவப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், ஒரு மாதத்தின் மழை மில்லிமீட்டரில் அம்மாதச் சராசரி வெப்பநிலையின் இரு மடங்கை மிஞ்சாவிட்டால் அது வறண்ட மாதம் என்னும் எளிய விதியைக் கையாண்டு, வறண்ட மாதங்களின் எண்ணிக்கையையும் தாவரத்தையும் இணைத்துப் படங்கள் வரைந்தது. 28 டிகிரி மாதத்தில் 56 மி.மீ. வேண்டும் என்பது எந்தக் கருவியுமின்றி மனத்தில் நிற்கும் கணக்கு. ஆயினும் மரத்தைச் சாட்சியாகக் கொள்ளும்போது கோடரியையும் ஆட்டையும் மறக்கலாகாது. தக்காணத்தின் முட்புதர் எல்லாம் மழைக்குறைவால் வந்ததன்று.

மரம் குளிரையும் எண்ணுகிறது. இமாசலப் பிரதேசத்தில் பயிராகும் டெலிஷியஸ் இன ஆப்பிள் மரத்துக்குக் குளிர்காலத்தில் ஏறத்தாழ 7 டிகிரிக்குக் கீழ்ப்பட்ட மணிகள் 1,000 அளவில் சேர்ந்தால்தான் வசந்தத்தில் மொட்டுகள் ஒழுங்காக விரியும். நாளின் உச்ச, நீச அளவுகள் இரண்டை மட்டும் கொண்டு இந்த மணிக் கணக்கை மதிப்பிடத்தான் முடியும், எண்ண முடியாது. தாழ்ந்த பள்ளத்தாக்குகளில் இம்மணிகள் குறைந்துவர, தோட்டங்கள் கின்னோர், லாஹோல் என உயரம் நோக்கி நகர்வதை அங்குள்ளோர் கண்டுவருகின்றனர். கோதுமையின் அனுபவம் இன்னும் அண்மையது. 2022 மார்ச் மாதத்தில் நாட்டின் சராசரி உச்ச வெப்பநிலை 33.1 டிகிரி, 1901 முதலான பதிவில் அதுவே மிக அதிகம். கதிரில் பால் பிடிக்கும் நேரத்தில் வந்த வெப்பத்தால் மணி சுருங்கிற்று. பிப்ரவரியில் 11 கோடியே 13 லட்சம் டன் என மதிப்பிடப்பட்ட விளைச்சல் மே மாத மதிப்பீட்டில் 10 கோடியே 64 லட்சம் டன்னாகக் குறைக்கப்பட்டது. மே 13 அன்று ஏற்றுமதிக்குத் தடை விதிக்கப்பட்டது. ஆண்டுச் சராசரியில் கரைந்துபோகும் சில வார வெப்பம், பயிரின் எந்தப் பருவத்தில் வருகிறது என்பதைப் பொறுத்து நாட்டின் வாணிபக் கொள்கையையே மாற்றிவிடுகிறது.

தானியங்கி நிலையங்களும் புதிய சராசரிகளும்

மனிதர் சென்று படிக்கும் கருவிகளுக்குப் பதிலாகத் தானியங்கி நிலையங்கள் பெருகிவருகின்றன. ஆள் செல்ல முடியாத இடத்திலும் அவை நாழிகைதோறும் செய்தி அனுப்பும். இது பெரும் வசதி. 2024 மே 29 அன்று தில்லியின் முங்கேஷ்பூர் தானியங்கி நிலையம் 52.9 டிகிரி என்று காட்டியபோது நாடே திடுக்கிட்டது. அன்று நகரின் மற்ற நிலையங்கள் 45 முதல் 49 டிகிரி வரையே காட்டின. இந்திய வானிலை ஆய்வுத் துறை தரமான கருவியை அருகில் வைத்து ஒப்பிட்டு, அந்த உணரி ஏறத்தாழ 3 டிகிரி கூடுதலாகக் காட்டுவதை அறிவித்தது. அளவு மிகையாக இருந்ததால் பிழை வெளிப்பட்டது. ஒரு டிகிரி அல்லது சில மில்லிமீட்டர் பிழை இப்படி எவரையும் திடுக்கிடச் செய்வதில்லை.

செயற்கைக்கோளின் நிலையும் ஆராயத்தக்கது. இடைவெளியின்றி நாடு முழுவதையும் பார்ப்பது அதன் சிறப்பு. ஆனால் அது காண்பது தரையின் அல்லது இலைப்பரப்பின் தோல் வெப்பநிலை. கூண்டின் காற்று வெப்பநிலை அன்று. இரண்டையும் ஒரே அட்டவணையில் கலந்து எழுதிய அறிக்கைகள் இல்லாமலில்லை.

சராசரியே மாறுவதும் உண்டு. தென்மேற்குப் பருவமழையின் நாட்டளவிலான சராசரி, 1961–2010 காலத்தைக் கொண்டு 880.6 மி.மீ. என இருந்தது. 2022 ஏப்ரலில் 1971–2020 காலத்தைக் கொண்டு 868.6 மி.மீ. எனத் திருத்தப்பட்டது. இது முறையான திருத்தமே. ஆயினும் பற்றாக்குறை என்பது சராசரியிலிருந்து 20 சதவீதம் அல்லது அதற்கு மேல் குறைவது என்று வரையறுத்துள்ள நிலையில், அளவுகோல் சற்றுக் குட்டையாகும்போது அதே மழை சற்று நெட்டையாகத் தெரியும். இரு பத்தாண்டுகளின் வறட்சி அறிவிப்புகளை ஒப்பிடும் மாணவர் எந்தச் சராசரி என்று முதலில் பார்க்க வேண்டும்.

இவை யாவும் உழவரின் வீட்டை எட்டுவது காப்பீட்டின் வழியே. 2007 கரீப் பருவத்தில் தொடங்கிய வானிலை சார்ந்த பயிர்க் காப்பீட்டில் வயலை எவரும் பார்ப்பதில்லை. அந்த அலகுப் பகுதிக்கென்று குறித்த வானிலை நிலையத்தின் அளவே இழப்பைத் தீர்மானிக்கிறது. விரைவாகத் தொகை கிடைக்கும், மதிப்பீட்டில் தலையீடு இராது என்பவை இதன் நன்மைகள். நிலையத்தில் மழை பெய்து வயலில் பெய்யாத ஆண்டில் உழவருக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை; பிரிமியம் கட்டியும் அந்த இடரை அவரே சுமக்கிறார். பொருளியல் நோக்கில் இது நிலையங்களின் அடர்த்தியைக் குறைத்ததால் அரசும் நிறுவனமும் மிச்சப்படுத்திய செலவு உழவர் தலையில் இறங்குவதாகும். இதை உணர்ந்தே, 2023 இல் அறிவிக்கப்பட்ட விண்ட்ஸ் எனும் வானிலைத் தகவல் வலையமைப்பு, வட்டாரம்தோறும் தானியங்கி நிலையமும் ஊராட்சிதோறும் தானியங்கி மழைமானியும் வேண்டும் என்று இலக்கு வகுத்தது.

இந்த இலக்கை நோக்கிச் செல்லும்போது வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு பழைய சிக்கல் எதிர்ப்படும். கருவி வாங்குவது மூலதனச் செலவு. அதற்கு ஒப்புதல் எளிதில் கிடைக்கும். புனலில் விழுந்த இலையை எடுப்பதும், வேலியைப் பழுது பார்ப்பதும், அருகில் வளர்ந்துவிட்ட மரத்தின் நிழல் விழாமல் காப்பதும், ஆண்டுக்கொரு முறை தரக் கருவியோடு ஒப்பிடுவதும் வருவாய்ச் செலவு. சிக்கனம் என்றவுடன் முதலில் வெட்டப்படுவது இதுவே. பாதரசத்தைக் குறைக்கும் மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018 இல் ஏற்றபின் பாதரச வெப்பமானிகளும் மாற்றப்பட வேண்டியவையாகின்றன. பழைய கருவியும் புதிய கருவியும் சில ஆண்டுகள் ஒரே வளாகத்தில் அருகருகே நின்று படிக்கப்பட்டால்தான், பதிவேட்டில் தோன்றும் ஏற்றம் வானத்தினுடையதா கருவியினுடையதா என்று பின்னர் வருவோர் பிரித்தறிய முடியும். அந்த இரட்டைப் பதிவுக்கான ஆள்செலவும், ஊராட்சி மழைமானிகளின் பராமரிப்பும் எந்தத் தலைப்பின்கீழ் எத்தனை ஆண்டுகளுக்கு ஒதுக்கப்பட்டுள்ளன என்பதை, நிலையம் அமைக்கும் கோப்பு வரும்போதே மாவட்ட அலுவலர் கேட்டுப் பெறலாம்.